ஃபாஸ் நகரில் ஒரு வீடு



உங்கள் வீட்டுக் கூடத்தில் பாட்டனார் காலத்துப் புகைப்படம் ஏதேனும் மாட்டியிருந்தால் ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். கறுத்த கோட்டும், தலையில் குஞ்சம் தொங்கும் சிவப்புத் தொப்பியுமாக அவர்கள் அமர்ந்திருப்பார்கள். நாம் அதைத் துருக்கித் தொப்பி என்கிறோம். உலகின் வேறு பல மொழிகளில் அதற்கு ‘ஃபெஸ்’ என்று பெயர். மொரோக்கோ நாட்டிலே உள்ள ஃபாஸ் என்னும் பழம்பெரும் நகரத்தின் பெயரே அந்தத் தொப்பிக்கு ஏறிக்கொண்டது. காயல்பட்டணத்திலும் இலங்கையிலும் பலர் பைஅத் பெற்றிருக்கும் ஷாதுலிய்யா தரீக்காவின் ‘ஃபாஸிய்யா’ என்ற கிளைக்கும் அந்நகரின் பெயர்தான் ஒட்டியிருக்கிறது. இவ்வாறு நம் தலையிலும் நாவிலும் இருந்த ஓர் ஊரை நேரில் காணும் பேறு 2006ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் இந்த எளியவனுக்குக் கிட்டியது.

அப்போது எனக்கு வயது இருபத்தேழு. கல்லூரியில் வரலாறு படித்துப் பட்டம் பெற்று, மதரஸாவில் ஓதி ஸனதும் பெற்று, இரண்டு ஆண்டுகளாகச் சிறுவர்களுக்கு நஹ்வும் ஸர்ஃபும் பாடம் நடத்திக் கொண்டிருந்தேன். ஊரிலுள்ள ஒரு தனவந்தர் செலவை ஏற்றுக்கொண்டதால், மூன்று மாத அரபி மொழிப் பயிற்சிக்காக ஃபாஸுக்குப் பயணமானேன். மாணவர்களை விடுதியில் தங்கவைப்பதைவிட ஒரு குடும்பத்தோடு தங்கவைத்தால் மொழி விரைவாக வரும் என்பது அங்குள்ளவர்களின் எண்ணம். ஆகவே பழைய நகரத்துக்குள் ஒரு வீட்டை எனக்கு ஒதுக்கியிருந்தார்கள். அந்த வீட்டில் நான் கழித்த முதல் சில நாட்களைப் பற்றித்தான் உங்களிடம் சொல்லப் போகிறேன்.

காஸாபிளாங்காவில் விமானத்தை விட்டிறங்கி, நான்கு மணி நேரத்துக்கும் மேலாக ரயிலில் அமர்ந்து ஃபாஸ் வந்து சேர்ந்தபோது நல்ல மழை. சிவப்பு நிறச் சிறு டாக்சி ஒன்று என்னை ‘பாப் பூ ஜலூத்’ என்னும் வாசலருகே இறக்கிவிட்டது. வெளிப்புறம் நீல ஓடுகளும் உட்புறம் பச்சை ஓடுகளும் பதித்த அழகிய வாயில் அது. பழமையானது என்று எண்ணி வியந்துவிடாதீர்கள். 1913இல், பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் கட்டப்பட்டது. பழமையெல்லாம் அதற்கு உள்ளேதான் இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் வேர்கொண்ட அந்நகரத்துக்குள் மோட்டார் வாகனம் நுழைய வழியில்லை. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய சந்துகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. சுமையெல்லாம் கழுதை மீதும் கோவேறு கழுதை மீதும்தான். “பாலக்! பாலக்!” என்று பின்னாலிருந்து குரல் வந்தால் உடனே ஒதுங்கிவிட வேண்டும். அது ‘கவனம்’ என்று பொருள்படும் சொல். ஃபாஸில் நான் நடைமுறையில் கற்ற முதல் அரபிச் சொல் அதுவே. தோல் மூட்டை ஏற்றிய கழுதையின் முட்டு அதைக் கற்பித்தது.

என்னை அழைத்துச் செல்ல வீட்டுக்காரரின் மகன் வந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு கற்பிக்கும் ஆசிரியர். எங்கும் ஒரே மாதிரியான, அலங்காரமில்லாத, உயர்ந்த சுவர்கள். அவற்றுள் ஒன்றில் இருந்த சிறு கதவைத் திறந்தார். உள்ளே நுழைந்தால் இருண்ட நடை. அது இருமுறை திரும்புகிறது. கதவு திறந்திருந்தாலும் தெருவில் நிற்பவர் கண்ணுக்கு வீட்டின் உட்புறம் படக்கூடாது என்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். காயல்பட்டணத்தில் பெண்கள் போய்வரத் தனியே முடுக்குகள் இருப்பதை அறிந்தவர்களுக்கு இதன் நோக்கம் உடனே விளங்கும். நடையைக் கடந்ததும், அப்பப்பா! நடுவே வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் வண்ண ஓடு பதித்த தூண்கள், ஒரு மூலையில் எலுமிச்சை மரம். மழைநீர் முற்றத்துத் தளத்தில் விழுந்து சலசலத்துக் கொண்டிருந்தது. பார்க்க அழகுதான். ஆனால் வானம் பார்த்த முற்றத்தைச் சுற்றிப் படுத்துறங்குவது எத்தகைய குளிர் என்பதை அன்றிரவு என் எலும்புகள் அறிந்தன.

வீட்டுத் தலைவருக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். ஹஜ்ஜு செய்தவர். எல்லாரும் அவரை ‘ஹாஜ்’ என்றே அழைத்தார்கள். நானும் அப்படியே அழைத்தேன். ‘பல்கா’ என்னும் மஞ்சள் நிறத் தோல் செருப்புகளைத் தைப்பது அவர் தொழில். அவருடைய மனைவி ஹாஜ்ஜா, ஆசிரியரான மகன், மருமகள், ஒன்பது வயதுப் பேரன் ஆகியோரே அந்தக் குடும்பம். என்னை வரவேற்க மருமகள் கையை நீட்டினார். நான் என் கையை நெஞ்சில் வைத்துத் தலைகுனிந்தேன். ஒரு கணம் அவர் முகம் வாடிப் பின் சரியாயிற்று. அந்நாட்டில் கை குலுக்குவதும் உண்டு, குலுக்காமல் நெஞ்சில் கை வைப்பதும் உண்டு. நான் செய்ததில் தவறில்லை. செய்த விரைவில்தான் முரட்டுத்தனம் இருந்தது என்று பிறகு எண்ணிக்கொண்டேன்.

பேச வாயெடுத்தபோதுதான் என் நிலை எனக்கே தெரிந்தது. ஈற்றுக் குறிகள் ஒன்றுவிடாமல், கிதாபில் உள்ளவாறே ஒரு நன்றியுரையை விமானத்திலேயே மனத்துள் தயாரித்து வைத்திருந்தேன். அதைச் சொல்லி முடித்ததும் ஹாஜ்ஜா மகனைத் திரும்பிப் பார்த்து ஏதோ கேட்டார், எல்லாரும் சிரித்தார்கள். “இவர் வானொலியில் செய்தி வாசிப்பவரா?” என்று கேட்டாராம். அவர்கள் பேசும் ‘தாரிஜா’ என்னும் வழக்குமொழி உயிரெழுத்துக்களை எல்லாம் விழுங்கிவிட்டு மெய்யெழுத்துக்களோடு நடப்பது. ‘மிகவும்’ என்பதற்கு ‘பிஸ்ஸாஃப்’, ‘இப்பொழுது’ என்பதற்கு ‘தாபா’, ‘சரி’ என்பதற்கு ‘வாக்கா’. எந்தக் கிதாபில் தேடுவேன்? மதரஸாவில் பதினைந்து மாணவர்களுக்கு அரபி இலக்கணம் கற்பித்த உஸ்தாது, தண்ணீர்க் குவளையைக் கையால் சுட்டிக்காட்டிக் கேட்கும் நிலைக்கு வந்துவிட்டேன்.

பேரனுக்கோ வேறொரு ஏமாற்றம். இந்தியாவிலிருந்து ஒருவர் வருகிறார் என்றதும் அவன் தெருவெல்லாம் பறைசாற்றியிருக்கிறான். அந்நாட்டில் ஹிந்தித் திரைப்படங்களுக்கு அத்தனை மோகம். ‘அமிதாப் பச்சன், ஷாருக் கான்’ என்று அடுக்கிவிட்டு ஒரு ஹிந்திப் பாட்டுப் பாடச் சொன்னான். எனக்கு ஹிந்தியும் தெரியாது, பாட்டும் வராது என்பதை அவனால் நம்பவே முடியவில்லை. இந்தியர் அல்லாத ஒருவரை ஏமாற்றி அனுப்பிவிட்டார்கள் என்றே அவன் கருதினான் போலும்.

இனி, அன்றிரவு நடந்ததைச் சொல்கிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

மழை விடவில்லை. ஆகவே இஷாவை வீட்டிலேயே ஜமாஅத்தாகத் தொழ முடிவு செய்தார்கள். ஹாஜ் முன்னால் நின்றார். தக்பீர் கட்டியதும் கைகளை நெஞ்சின் கீழ் கட்டாமல் பக்கவாட்டில் தொங்கவிட்டார். அது மாலிகி மத்ஹபில் பிரபலமான முறை என்பது படித்து அறிந்ததுதான். அடுத்து, பிஸ்மி சொல்லாமல் நேரே ஹம்தைத் தொடங்கினார். இதுவும் கிதாபில் உள்ளதுதான். எனினும் பிஸ்மியை ஃபாத்திஹாவின் ஓர் ஆயத்தாகவே ஓதி வளர்ந்த ஷாபிஈயான என் நெஞ்சு துணுக்குற்றது. அந்தத் துணுக்கம் அடங்குமுன் அவர் ‘மாலிக்’ என்று நீட்டி ஓத வேண்டிய இடத்தை ‘மலிக்’ என்று குறுக்கி ஓதினார். ஓதுபவர் பிழைவிட்டால் பின்னால் நிற்பவர் எடுத்துக் கொடுக்க வேண்டும் அல்லவா? “மாலிக்!” என்று உரக்க எடுத்துக் கொடுத்தேன். அவர் நிற்காமல் ஓதிச் சென்றார். வயதானவர், காது கேட்கவில்லை போலும் என்று நினைத்தேன். அதன்பின் ‘வள்ளுஹா’ சூராவை ஓதினார். ஆயத்துகளின் ஈற்றில் ‘ஆ’ என்னும் ஓசை ‘ஏ’யை நோக்கிச் சாய்ந்தது. ஊர்ப் பேச்சின் வாடை ஓதலிலும் வந்துவிட்டதே என்று வருந்தினேன். இரண்டாம் ரக்அத்திலும் அதே ‘மலிக்’. நானும் விடவில்லை, மறுபடியும் “மாலிக்!” என்றேன். கடைசியில் அவர் வலப்புறம் ஒரு ஸலாம் மட்டும் கொடுத்து முடித்துக்கொண்டார். இரண்டாவது ஸலாமுக்காக நான் காத்திருந்தது வீணாயிற்று.

என் அறியாமையை வாசகர்கள் முழுமையாக அறிய வேண்டும். ஏழு கிராஅத்துகள் உண்டு, அவற்றுள் மதீனாவின் இமாம் நாஃபிஉ (ரஹ்) அவர்களின் ஓதல் ஒன்று, அதை எகிப்தைச் சேர்ந்த வர்ஷ் (ரஹ்) அவர்கள் அறிவித்தார்கள், அது மேற்கு ஆப்பிரிக்காவிலும் மக்ரிபிலும் ஓதப்படுகிறது என்பதையெல்லாம் நான் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். தஃப்ஸீர் ஜலாலைனில் ‘மாலிக்’, ‘மலிக்’ என்னும் இரு ஓதல்களும் குறிக்கப்பட்டிருப்பதை என் வாயாலேயே பாடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஆஸிம் (ரஹ்) அவர்களிடமிருந்து ஹஃப்ஸ் (ரஹ்) அறிவிக்கும் ஓதலைத் தவிர வேறெதையும் என் காது கேட்டதில்லை. ஏட்டில் கண்டது எதிரே வந்து நின்றபோது பிழை என்று தோன்றிவிட்டது.

ஹாஜ் ஒன்றும் சொல்லவில்லை. புன்னகையோடு எழுந்து போய்த் தேநீர் தயாரிக்கச் சொன்னார். அந்தத் தேநீர் ஒரு பெரிய சடங்கு. பச்சைத் தேயிலையோடு கைப்பிடி புதினாவை அடைத்து, கூம்பு வடிவச் சர்க்கரைக் கட்டியைச் சிறு சுத்தியலால் உடைத்துப் போட்டு, ஒரு முழ உயரத்திலிருந்து நுரை எழும்பச் சின்னஞ்சிறு கண்ணாடிக் குவளைகளில் ஊற்றுவார்கள். நான் குடித்துவிட்டு மாடியில் எனக்கு ஒதுக்கிய அறைக்குப் போனேன். மனம் அடங்கவில்லை. பிஸ்மி இல்லாத ஃபாத்திஹாவின் பின்னால் தொழுத என் தொழுகை கூடிற்றா? வேறு மத்ஹபைச் சேர்ந்த இமாமைப் பின்பற்றுவது பற்றி ஃபிக்ஹு நூல்களில் நீண்ட விவாதம் உண்டு. அந்த நள்ளிரவில், அந்தக் குளிரில், நூல் எதுவும் கையில் இல்லாத நிலையில் எனக்குத் தோன்றிய வழி ஒன்றுதான். கதவைச் சாத்திவிட்டு இஷாவைத் திரும்பத் தொழுதேன்.

கதவு சரியாகச் சாத்தவில்லை. எனக்கு இன்னொரு கம்பளி கொண்டுவந்த பேரன் வாசலில் நின்று பார்த்திருக்கிறான். நான் ஸலாம் கொடுத்துத் திரும்பியபோது கம்பளி மட்டும் வாசலில் கிடந்தது.

மறுநாள் சுப்ஹுக்கு மழை ஓய்ந்திருந்தது. மஹல்லாப் பள்ளிக்குப் போனோம். ஃபாஸின் ஒவ்வொரு மஹல்லாவிலும் பள்ளிவாசல், சிறுவர் ஓதும் ‘மஸீத்’, நீர்க்குழாய் மண்டபம், குளியல் கூடம், ரொட்டி சுடும் பொது அடுப்பு ஆகியவை சேர்ந்தே இருக்கும். தொழுகை முடிந்ததும் எல்லாரும் வட்டமாக அமர்ந்து ஒரே குரலில் குர்ஆன் ஓதத் தொடங்கினார்கள். குர்ஆனை அறுபது ஹிஸ்புகளாகப் பிரித்து, சுப்ஹுக்குப் பின் ஒன்றும் மஃரிபுக்குப் பின் ஒன்றுமாக ஓதி, மாதத்துக்கு ஒருமுறை முடிப்பது அந்நாட்டின் நெடுங்கால வழக்கம். நாற்பது பேர் ஓதுகிறார்கள். நாம் ‘முஃமினூன்’ என்று ஓதுவதை நாற்பது பேரும் ‘மூமினூன்’ என்றே ஓதுகிறார்கள். அருகிலிருந்த முஸ்ஹஃபை எடுத்துப் பிரித்தேன். எழுத்தும் வேறு மாதிரி. ‘ஃபே’க்குப் புள்ளி கீழே இருக்கிறது, ‘காஃப்’ தலையில் இரண்டு புள்ளிக்குப் பதில் ஒற்றைப் புள்ளி. அதன் இறுதிப் பக்கத்தில் ‘வர்ஷ் அறிவிப்பின்படி’ என்று அச்சிட்டிருந்தது. அப்பொழுதுதான் என் மண்டையில் உறைத்தது. முந்தைய இரவு நான் இருமுறை திருத்தியது யாரை? ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக ஓதப்பட்டு வரும் ஒரு கிராஅத்தை! வட்டத்தின் எதிர்ப்புறத்தில் ஹாஜ் கண்களை மூடி ஓதிக்கொண்டிருந்தார். முஸ்ஹஃப் அவர் கையில் இல்லை. செருப்புத் தைக்கும் அந்த மனிதர் ஹாஃபிழ் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

இந்த ஒரு தவறுக்கு மன்னிப்புக் கேட்டுவிடலாம். திரும்பத் தொழுத செய்திக்கு என்ன செய்வது? காலை உணவின்போது பேரன் என்னைப் பார்த்த பார்வையிலும், ஹாஜ்ஜா ரொட்டியை என் பக்கம் தள்ளிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டதிலும், அவன் சொல்லிவிட்டான் என்று புரிந்தது. சற்று எண்ணிப் பாருங்கள். உங்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளி, உங்கள் வாப்பாவின் பின்னால் நின்று தொழுதுவிட்டு, அறைக்குள் போய் அதே தொழுகையைத் திரும்பத் தொழுகிறார் என்றால் உங்களுக்கு எப்படியிருக்கும்? ‘உன் தொழுகை தொழுகையே அல்ல’ என்று முகத்தில் அடித்துச் சொன்னதாகாதா?

அன்று மாலை ரொட்டி சுடுமிடத்துக்குப் பேரனோடு நானும் சென்றேன். வீடுகளில் மாவைப் பிசைந்து வட்டமாகத் தட்டிப் பலகையில் அடுக்கித் துணி போர்த்தித் தருவார்கள். சிறுவர்கள் அதைச் சுமந்து சென்று பொது அடுப்பில் கொடுப்பார்கள். அத்தனை வீட்டு ரொட்டிகளும் ஒரே அடுப்பில் வேகும். எது எந்த வீட்டு ரொட்டி என்று அடுப்புக்காரர் பார்த்தவுடன் சொல்லிவிடுவார். வழியில் பையன் ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பும்போது வேண்டுமென்றே ஒரு சந்தில் ஓடி மறைந்துவிட்டான். சூடான ரொட்டிப் பலகை என் கையில், வழி தெரியாது, இருட்டிவிட்டது. ஃபாஸில் வழி தவறியவர்களுக்கு ஒரு விதி உண்டு. ஏற்றத்தில் நடந்தால் பூ ஜலூத் வாசல், இறக்கத்தில் நடந்தால் கரவிய்யீன் பள்ளி. நான் இறங்கி, ஏறி, விசாரித்து, முக்கால் மணி நேரம் கழித்து வீடு சேர்ந்தேன். ரொட்டி ஆறிப்போயிருந்தது. பையனுக்கு வசவு விழுந்தது. நான்தான் வேடிக்கை பார்த்து நின்றுவிட்டேன் என்று பொய் சொல்லாமல், ஆனால் அவனைக் காட்டியும் கொடுக்காமல், “வழி தவறிவிட்டேன்” என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் வகுப்பு முடிந்ததும், விடுதிக்கு மாற்றித் தரும்படி கேட்க முடிவு செய்து மனுவும் எழுதிவிட்டேன். அதற்கு முன் ஊருக்குப் பேசலாம் என்று ஒரு தொலைபேசிக் கடைக்குள் நுழைந்து நாணயங்களைப் போட்டேன். உம்மாதான் எடுத்தார்கள். “சோறு கெடைக்குதா வாப்பா?” என்பதே முதல் கேள்வி. சோறு கிடைக்கவில்லை என்பதே உண்மை. அங்கே மூன்று வேளையும் ரொட்டிதான். அரிசியைப் பாலில் வேகவைத்து இனிப்பாக உண்பார்கள், அல்லது கறிகாய்த் தட்டின் ஓரத்தில் ஒரு கரண்டி வைப்பார்கள். அதைச் சொல்லாமல், “வீட்டுக்காரங்க ரொம்ப நல்லவங்க உம்மா” என்றேன். “அப்படின்னா அவங்க மனசு கோணாம நடந்துக்கோ” என்றார்கள். நாணயம் தீர்ந்து இணைப்பு அறுந்தது. மனுவைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு வீட்டுக்கே திரும்பினேன்.

அன்றிரவு உணவு நேரத்தில் ஆசிரியர் என் ஊரைப் பற்றி விசாரித்தார். இந்தியாவின் தென்கோடிக் கடற்கரை என்றேன். அரபுகள் முற்காலத்தில் ‘மஅபர்’ என்று அழைத்தார்களே, அந்தப் பகுதி என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. “இப்னு பதூதா வந்த மஅபரா?” என்றார். தஞ்சா நகரத்துப் பிள்ளையான இப்னு பதூதா, உலகைச் சுற்றிவிட்டு இந்த ஃபாஸ் நகரில் அமர்ந்துதான் தம் பயணக் கதையைச் சொல்லி எழுதுவித்தார். சுல்தான் அபூ இனானின் ஆணைப்படி இப்னு ஜுஸய் எழுத, 1355இல் அது நிறைவெய்தியது. அதில் மதுரையும் வருகிறது. அப்போது மதுரையை ஆண்ட சுல்தானும் இப்னு பதூதாவும் அக்காள் தங்கையரை மணந்தவர்கள். இதை நான் சொன்னதும் ஹாஜ் வாய்விட்டுச் சிரித்து, “அப்படியானால் நீ எங்களுக்குச் சம்பந்தி வீட்டுப் பிள்ளை” என்றார். அறுநூற்றைம்பது ஆண்டுக்கு முந்தைய அந்த உறவு அன்றைய இரவில் எனக்குப் பெரிய துணையாக இருந்தது. பொதுத் தட்டிலே எல்லாரும் அவரவர்க்கு முன்னுள்ள பகுதியிலிருந்து உண்டுகொண்டிருந்தோம். நம் கடற்கரை ஊர்களின் ஸஹன் சாப்பாடு போலத்தான். நடுவிலுள்ள கறியை வீட்டம்மா பங்கிட்டுத் தருவார். முதல் இரண்டு நாளும் என் பங்கு சற்றுச் சிறுத்திருந்ததாக எனக்கு ஒரு சந்தேகம். அன்று ஹாஜ்ஜா பெரிய துண்டாக எடுத்து என் பக்கம் வைத்து, “கூல், கூல்!” என்றார். ‘சாப்பிடு, சாப்பிடு’ என்று பொருள்.

இதுதான் நேரம் என்று துணிந்து சொன்னேன். ‘மாலிக்’ என்று நான் எடுத்துக் கொடுத்தது அறியாமை. மன்னிக்க வேண்டும் என்றேன். ஹாஜ் கையை அசைத்தார். “அது தெரியாமல் செய்தது. மற்றதைச் சொல். நீ ஏன் திரும்பத் தொழுதாய்?” எல்லாருடைய கையும் தட்டில் அப்படியே நின்றுவிட்டது. மறைத்துப் பயனில்லை. எங்கள் மத்ஹபில் பிஸ்மி ஃபாத்திஹாவின் ஓர் ஆயத்து. அதை விட்டால் தொழுகை கூடாது. அந்த அச்சத்தால் தொழுதேன். உங்கள் தொழுகையைக் குறை காணவில்லை. என் தொழுகையைத்தான் சந்தேகித்தேன் என்று தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தேன். மகன் அதைத் தாரிஜாவில் தாய்க்கு எடுத்துச் சொன்னார்.

ஹாஜ் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “இன்று இஷாவுக்கு நீ நின்று தொழவை” என்றார்.

அவர்கள் மத்ஹபில் ஃபர்ளான தொழுகையில் பிஸ்மி ஓதுவது மக்ரூஹு என்பது எனக்குத் தெரியும். அதைச் சொன்னேன். “அது என் கணக்கு. நீ உன் வழக்கப்படியே செய்” என்றார். இரண்டு நாட்களுக்கு முன்பு வந்த, தண்ணீர் கேட்கக்கூடத் தெரியாத ஒருவன் முன்னால் நின்றேன். கை கட்டினேன். பிஸ்மியைச் சப்தமாக ஓதினேன். ‘மாலிக்’ என்று நீட்டி ஓதினேன். பின்னால் கைகளைத் தொங்கவிட்டபடி நின்ற முதியவரும் அவர் வீட்டாரும் ‘ஆமீன்’ சொன்னார்கள். இரண்டு ஸலாமும் கொடுத்து முடித்தேன். ஹாஜ் எழுந்து உறங்கப் போனார். அவருடைய அறைக் கதவு அகலத் திறந்திருந்தது. அவர் திரும்பத் தொழவில்லை.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்குக் கரவிய்யீன் பள்ளிக்கு அழைத்துப் போனார்கள். நம் பெண்மக்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்று: கைரவானிலிருந்து குடிபெயர்ந்து வந்த குடும்பத்தைச் சேர்ந்த ஃபாத்திமா அல்ஃபிஹ்ரி என்னும் பெண்மணி, தந்தையிடமிருந்து கிடைத்த சொத்தைக் கொண்டு 859இல் அதைக் கட்டத் தொடங்கினார் என்பது அந்நகரத்தார் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு. அவருடைய சகோதரி மர்யம், ஆற்றின் மறுகரையில் அந்தலுஸ் பள்ளியைக் கட்டினாராம். வாசலில் காவலர் என் முகத்தையும் நிறத்தையும் பார்த்துத் தடுத்தார். முஸ்லிம் அல்லாதார் உள்ளே வர அனுமதி இல்லை. நான் பதில் சொல்லுமுன் பேரன் குறுக்கே வந்து, “இவர் எங்கள் வீட்டு இமாம்!” என்றான். அந்தச் சந்தில் என்னை விட்டு ஓடிய அதே பையன்தான்.

தொழுது வந்ததும் வெள்ளிக்கிழமை உணவான குஸ்குஸ். கோதுமை ரவையை உருட்டி ஆவியில் வேகவைத்து, மேலே ஏழு வகைக் காய்களும் இறைச்சியும் குவித்து, மோரோடு தருகிறார்கள். சோறு என்று எண்ணிக்கொண்டு மூன்று நாள் பசியையும் தீர்த்துக்கொண்டேன். அன்று மாலைதான் ஹாஜிடம் வர்ஷ் ஓதலைப் பாடமாகத் தொடங்கினேன். செருப்புக்குத் தையல் போட்டபடியே, ஊசியை நிறுத்தாமல் அவர் திருத்துவார். அந்த மூன்று மாதத்தில் மொழிப் பயிற்சியில் கற்றதைவிட அந்தத் தோல் வாடையில் கற்றது அதிகம்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் மழை. இஷாவுக்கு என்னை முன்னால் போகச் சொன்னார்கள். நான் மறுத்து ஹாஜின் பின்னால் நின்றேன். அவர் திரும்பி என்னைப் பார்த்து, “பள்ளி ஃபகீஹிடம் கேட்டேன். எங்கள் மத்ஹபின் பெரிய இமாமான அல்மாஸரீ பிஸ்மியை மெதுவாக ஓதிக்கொள்வாராம். எங்கள் சட்டப்படி ஓதினால் தொழுகை முறியாது, உங்கள் சட்டப்படி ஓதாவிட்டால் கூடாது, ஆகவே ஓதிவிடுவதே பேணுதல் என்று கருதினாராம்” என்று சொல்லிவிட்டுத் தக்பீர் கட்டினார். கைகள் வழக்கம்போல் தொங்கின. பிறகு, முதல் வரிசையில் இருந்த எனக்கு மட்டும் கேட்கும் அளவுக்கு, பிஸ்மி கேட்டது.

அடுத்து அந்த இடம் வந்தது. ஹாஜ் ‘மலிக்’ என்று ஓதினார். நான் வாய் திறக்கவில்லை. ஆனால் என் பக்கத்தில் நின்றிருந்த பேரன், என் குரலைப் போலவே குரலை மாற்றிக்கொண்டு, “மாலிக்!” என்று உரக்க எடுத்துக் கொடுத்தான். கொடுத்துவிட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல் கலகலவென்று சிரித்தும்விட்டான்.

எங்கள் எல்லாருடைய தொழுகையும் கூடிற்று. அவன் மட்டும் அன்று இஷாவைத் திரும்பத் தொழுதான்.